சுண்ணாம்பில் அடங்கிய காற்று

பூமியில் உயிர்கள் வாழ்வதற்குக் காரணம் யாது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், "சூரியனிலிருந்து சரியான தூரத்தில் இருக்கிறது, அதிக உஷ்ணமுமில்லை, அதிகக் குளிருமில்லை" என்று உடனே பதில் சொல்வார்கள். பாடப் புத்தகங்களிலும் அவ்வாறே எழுதியிருக்கிறது. தவறென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தப் பதிலோடு நாம் திருப்தியடைந்துவிட்டால், இவ்விஷயத்தின் முக்கியமான பகுதி நமக்குத் தெரியாமலே போய்விடும். ஏனெனில், பூமி இருக்கும் அதே தூரத்தில் இன்னொரு உருண்டையும் இருக்கிறது. நாம் இரவில் அண்ணாந்து பார்க்கும் சந்திரன்தான் அது.

சந்திரன் நம்மிடமிருந்து 3,84,400 கிலோமீட்டர் தூரத்திலிருக்கிறது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தூரமோ ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். அதோடு ஒப்பிட்டால் சந்திரனும் நாமும் ஒரே இடத்தில் இருப்பதாகவே கொள்ளலாம். ஒரே சூரியன், ஒரே தூரம், ஒரே வெயில். அப்படியிருந்தும் சந்திரனின் நடுப்பகுதியில் பகல் உஷ்ணம் 120 பாகை செல்ஷியசுக்கு ஏறுகிறது. இரவில் உறைநிலைக்குக் கீழே 130 பாகை வரை இறங்கிவிடுகிறது. அங்கே ஒரு பகல் நம் கணக்கில் இரண்டு வாரம் நீளுவது இதற்கு ஒரு காரணம். போர்த்திக்கொள்ளக் காற்றும், சூட்டைத் தாங்கி வைத்துக்கொள்ளக் கடலும் இல்லாதது மற்றொரு காரணம்.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்போம். சரியான தூரத்தில் இருக்கும் ஓர் உருண்டையை உயிர்கள் குடியிருக்கத்தக்க வீடாக்கியது எது? இதற்கு விடை தேடிப் புறப்பட்டால், நாம் எதிர்பாராத ஓரிடத்தில் போய் நிற்போம். பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியிலுள்ள சுண்ணாம்புதான் அந்த இடம்!

காற்றாகிய போர்வை

சூரியனிலிருந்து புறப்படும் வெளிச்சம் 8 நிமிடம் 20 விநாடியில் நம்மை வந்தடைகிறது. அதில் பத்தில் மூன்று பங்கை மேகங்களும் பனியும் மணலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. எஞ்சியதைக் கடலும் தரையும் காற்றும் ஏற்றுச் சூடாகின்றன. சூடான பொருள் எதுவும் சும்மா இருப்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டி தன் சூட்டை நாற்புறமும் விடுவது போலப் பூமியும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களாகத் தன் சூட்டை ஆகாயத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது.

வரவையும் செலவையும் சரிபார்த்துக் கணக்குப் போட்டால், பூமியின் சராசரி உஷ்ணம் உறைநிலைக்குக் கீழே 18 பாகை இருக்க வேண்டும். அதாவது கடல்கள் எல்லாம் பனிக்கட்டியாக இறுகிக் கிடக்க வேண்டும். உண்மையில் இருப்பதோ உறைநிலைக்கு மேலே ஏறக்குறைய 15 பாகை. இடையிலுள்ள இந்த 33 பாகையை நமக்குக் கொடுப்பது காற்று மண்டலமே.

காற்று முழுவதும் இந்த வேலையைச் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு பிராணவாயு. இவ்விரண்டும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதேயில்லை. தடுப்பவை நீராவியும் கரியமில வாயுவும், மிகச் சொற்பமான வேறு சில வாயுக்களுமே. கரியமில வாயுவின் அளவு 10,000 பங்குக்கு 4 பங்குதான். ஒரு சட்டிக் குழம்பில் போட்ட ஒரு சிட்டிகை உப்பைப் போன்றது. ஆனால் உப்பில்லாவிட்டால் குழம்பு என்னாகும்?

1856ஆம் ஆண்டில் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கரியமில வாயு நிறைந்த குழாயே மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறுவதைக் கண்டார். 1859இல் ஜான் டிண்டால் என்பவர் லண்டனில் நுட்பமான கருவிகளைக் கொண்டு, எந்தெந்த வாயு வெப்பக் கதிர்களைத் தடுக்கிறது என்று அளந்து காட்டினார். இப்போர்வையைப் பற்றிய அறிவு நேற்று முளைத்ததல்ல. நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்துச் சரக்கு.

இங்கே நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள ஒரு பேதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். போர்வையின் பெரும்பகுதி நீராவியால் ஆனதே. ஆனால் நீராவி தன்னிச்சையாக நிற்காது. காற்று குளிர்ந்தால் மழையாக விழுந்துவிடும். காற்று சூடானால் கடலிலிருந்து மேலும் எழும்பும். கரியமில வாயு அப்படி விழுவதில்லை. ஆகவே அது போடும் தாளத்துக்கே நீராவி ஆடுகிறது எனலாம்.

பக்கத்து வீட்டின் கதி

போர்வை ஒன்று இருந்துவிட்டால் போதுமா? அது எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியமல்லவா? இதைக் கற்றுக்கொள்ள விடிவெள்ளியைப் பார்த்தால் போதும்.

விடிவெள்ளி என்றும் சுக்கிரன் என்றும் நாம் அழைக்கும் கிரகத்தின் குறுக்களவு 12,104 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவு 12,756 கிலோமீட்டர். ஒரு வயிற்றில் பிறந்த சகோதரிகள் என்று சொல்லலாம். இதனால் அங்கே காடுகளும் சதுப்பு நிலங்களும் இருக்கக்கூடும் என்று ஒரு காலத்தில் கற்பனை செய்தவர்கள் உண்டு. 1962 டிசம்பரில் மாரினர் 2 என்ற அமெரிக்க விண்கலம் சுக்கிரனைக் கடந்து சென்று, அங்கே தாங்க முடியாத உஷ்ணம் இருப்பதை உறுதி செய்தது. 1970 டிசம்பர் 15ஆம் தேதி வெனேரா 7 என்ற ருஷ்யக் கலம் அங்கேயே இறங்கியது. தரையிலிருந்து 23 நிமிடம் செய்தி அனுப்பிவிட்டு ஓய்ந்துபோயிற்று.

அங்குள்ள உஷ்ணம் சுமார் 465 பாகை. வெள்ளீயம் 232 பாகையிலும், காரீயம் 327 பாகையிலும் உருகிவிடும். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த ஈயம் அத்தனையையும் கொண்டுபோய்ச் சுக்கிரனில் வைத்தால் ஆறாக ஓடும்! காற்றின் அழுத்தமும் நம் பூமியைப் போல் 90 மடங்குக்கு மேல். கடலில் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் நிற்பவனுக்கு எத்தகைய அழுத்தமோ, அத்தகைய அழுத்தம் அங்கே தரையில் நிற்பவனுக்கு.

சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால்தானே இவ்வளவு சூடு என்று கேட்கலாம். சுக்கிரன் சூரியனிலிருந்து 10 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருக்கிறது, நம்மைவிடச் சமீபம்தான். அதன்மீது விழும் வெயிலும் நமக்குக் கிடைப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அதைச் சூழ்ந்துள்ள வெண்மையான மேகங்கள் அவ்வெயிலில் நாலில் மூன்று பங்கைத் திருப்பியடித்துவிடுகின்றன. ஆகையால் சுக்கிரன் உட்கொள்ளும் சூரிய வெப்பம், பூமி உட்கொள்வதைவிட உண்மையில் குறைவு! குறைவாக உண்டும் அதிகமாகச் சூடேறியிருக்கிறது என்றால், போர்வையின் கனத்தைத் தவிர வேறென்ன சொல்வது? அங்குள்ள காற்றில் 100க்கு 96 பங்குக்கு மேல் கரியமில வாயு.

ஒரு காலத்தில் சுக்கிரனிலும் தண்ணீர் இருந்ததற்கு அடையாளம் உண்டு. ஹைட்ரஜனில் சாதாரணமானது ஒன்று, கனமானது ஒன்று என இரு வகை உண்டு. சுக்கிரனின் காற்றில் கனமான வகையின் விகிதம் பூமியிலிருப்பதைவிட 100 மடங்குக்கு மேல் இருப்பதை, 1978இல் அங்கே சென்ற பயனியர் கலத்தின் சோதனைகள் காட்டின. நீராவி மேலே எழும்பி, சூரியக் கதிர் பட்டுப் பிளந்து, இலேசான ஹைட்ரஜன் வெளியில் தப்பியோடியது. கனமானது பின்தங்கியது என்பதே இதன் பொருள். நம் பூமியில் இவ்வாறு நேராததற்குக் காரணம், தலைக்கு மேல் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கடுங்குளிர். நம் பிரதேசத்தில் அங்கே உறைநிலைக்குக் கீழே 80 பாகை இருக்கும். எழும்பிச் செல்லும் நீராவி அதைத் தாண்டுவதற்குள் பனித்தூளாக உறைந்து கீழே இறங்கிவிடுகிறது. சமுத்திரங்களுக்குப் போட்ட மூடி என்று அதைச் சொல்லலாம்.

நம் பங்கு கரியமில வாயு எங்கே?

சகோதரிகள் இருவரும் ஒரே மாதிரியான சரக்குகளால் ஆனவர்கள். அப்படியானால் சுக்கிரனிடம் மலைபோல் குவிந்துள்ள கரியமில வாயு பூமியிடமும் இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது என்பதே விஞ்ஞானிகளின் கணக்கு. ஆனால் அது ஆகாயத்தில் இல்லை, கல்லுக்குள் அடைபட்டிருக்கிறது.

பத்துமலைக்குச் சென்றிருப்பவர்கள், ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளைக் குன்றுகளை ரயிலிலிருந்து பார்த்திருப்பவர்கள், அந்தக் கல் எதனால் ஆனதென்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அது சுண்ணாம்புக் கல். பத்துமலைக் கல்லின் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள். அக்காலத்தில் அது வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடித்தரை. சிப்பிகளும் பவளப் பூச்சிகளும் அவை போன்ற சின்னஞ்சிறு பிராணிகளும் கடல் நீரிலிருந்த சுண்ணச் சத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு தங்களுக்கு ஓடு கட்டிக்கொண்டன. அவை மடிந்தபோது ஓடுகள் அடியில் தங்கிச் சேறாகி, சேறு இறுகிக் கல்லாயிற்று. பின்னர் பூமியின் அசைவால் மேலெழும்பிக் குன்றாக நிற்கிறது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவே. கண்ணுக்குத் தெரியாத அவ்வாயு, கல்லின் எடையில் பாதியைச் சற்றே குறையக் கொண்டு மலையாக நிற்கிறது!

இதை நம்பக் கடினமாயிருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பைச் சிறிது தண்ணீரில் கரைத்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் ஒரு கண்ணாடித் தம்ளரில் வடித்துக்கொள்ளவும். ஓர் உறிஞ்சு குழலை அதில் விட்டு மெதுவாக ஊதவும். (பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், உறிஞ்சக் கூடாது, ஊதத்தான் வேண்டும், கண்ணிலும் படக் கூடாது.) தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலிருந்த கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கல்தூளாக மாறியதே அந்த வெளுப்பு. பத்துமலையும் தம்ளரில் தோன்றும் வெண்மையும் ஒரே பொருள்.

சுண்ணாம்புக் காளவாய்க்காரர் செய்வது இதற்கு நேர்மாறானது. அவர் கிளிஞ்சலைச் சூளையில் போட்டுச் சுட்டு, அதிலுள்ள கரியமில வாயுவை விரட்டிவிடுகிறார். சுட்ட சுண்ணாம்பில் நீர் தெளித்தால் பொங்கிச் சூடாகி நீறுகிறது. அதைச் சாந்தாக்கிச் சுவரில் பூசினால், பல வருஷங்களாகக் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக் கல்லாக இறுகுகிறது. மலாக்காவிலும் பினாங்கிலும் உள்ள பழைய கட்டடங்களின் சுவர்ச் சாந்து இவ்விதம் இறுகியதுதான்.

மழையும் பாறையும் செய்யும் வேலை

காற்றிலுள்ள வாயு கடலடிக் கல்லாவது எப்படி? இதற்குத் தூதனாக இருப்பது மழை. மழைத்துளி விழும்போதே சிறிது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மிக இலேசான புளிப்பு ஏறி விழுகிறது. சோடாத் தண்ணீரின் புளிப்பும் இந்த வகைதான். மழையில் அது மிக மிகக் குறைவு. இந்தப் புளிப்பு கருங்கல்லையும் எரிமலைப் பாறையையும் மெல்ல மெல்ல அரிக்கிறது. பாறையிலிருந்து கரைந்த சுண்ணச் சத்தும், மழை கொண்டுவந்த வாயுவும் ஆறுகளின் வழியே கடலுக்குப் போகின்றன. கடற்பிராணிகள் அவற்றை ஓடாக்குகின்றன, ஓடு கல்லாகிறது.

உஷ்ணமும் மழையும் மிகுந்த இடத்தில் இவ்வேலை வேகமாக நடக்கும். மலாயாத் தீபகற்பத்தில் சாலை வெட்டும் இடங்களில் பார்த்தால், கருங்கல்லாக இருந்தது பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக உதிர்ந்து கிடக்கும். குளிர் நாடுகளில் இவ்வளவு ஆழமாகச் சிதைவதில்லை. இந்த ஒரு பேதத்தில்தான் பூமியின் ரகசியம் அடங்கியிருக்கிறது. பூமி சற்று அதிகமாகச் சூடேறினால் மழை மிகும். பாறை விரைவாகச் சிதையும். கரியமில வாயு அதிகமாகக் கல்லுக்குள் போகும். போர்வை மெலிந்து பூமி குளிரும். பூமி அதிகமாகக் குளிர்ந்தால் மழை குறையும். பாறை சிதைவது மந்தமாகும். எரிமலைகள் கக்கும் வாயு காற்றில் தங்கிச் சேரும். பூமி மீண்டும் சூடேறும். குளிர்பதனப் பெட்டி தானே நின்று தானே ஓடித் தன் குளிரைச் சமமாக வைத்திருக்கிறதே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள்.

எரிமலை என்றோம். கடலடியில் புதைந்த கரியமில வாயு அங்கேயே கிடந்துவிட்டால், காலப்போக்கில் காற்றில் ஒன்றும் மிஞ்சாது, பூமி உறைந்துபோகும். அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்கும் ஓர் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் நமக்கு மிக அருகிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இந்து மகா சமுத்திரத்தின் அடித்தரை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சுமத்ராவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அது சுமந்து செல்லும் சுண்ணாம்புப் படிவுகள் ஆழத்தில் வெந்து, கரியமில வாயு பிரிந்து, சுமத்ரா, ஜாவா எரிமலைகளின் வாய்வழியே மீண்டும் ஆகாயத்துக்கு வருகிறது. பூமியின் வயிற்றிலும் ஒரு காளவாய் எரிகிறது!

2004 டிசம்பர் 26ஆம் தேதியை நம்மில் யார் மறக்க முடியும்? ஆச்சேயிலும் நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் கடல் பொங்கியது. இந்து சமுத்திரக் கரைகளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். அன்று சில நிமிடங்களில் நழுவியது இதே அடித்தரைதான். நம்மில் பலர் உற்றாரை இழந்த அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது, பூமியின் அமைப்பு இப்படித்தான் என்று சுலபமாகச் சொல்லிவிட எமக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மை அதுவே. தரை அசையாத கிரகத்தில் சுனாமியும் இல்லை, நாளடைவில் உயிரும் இல்லை. செவ்வாயைப் பாருங்கள். பூமியின் குறுக்களவில் பாதிக்குச் சற்றே மேற்பட்டது; சிறிதானதால் உட்புறம் விரைவில் ஆறிவிட்டது. எரிமலைகள் ஓய்ந்தன, காந்த மண்டலமும் அற்றுப்போயிற்று. சூரியனிலிருந்து வீசும் துகள்கள் அதன் காற்றை அரித்துச் சென்றன. இன்று அங்கே மிஞ்சியிருப்பது நம் காற்றழுத்தத்தில் 100இல் ஒரு பங்குகூட இல்லை. ஆறு ஓடிய தடங்கள் மட்டும் வறண்டு கிடக்கின்றன.

பூமிக்கு அந்தக் காந்தக் காவல் இன்னும் இருக்கிறது. 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு சுழன்றுகொண்டிருப்பதால் அது உண்டாகிறது. சந்திரனும் தன் பங்குக்கு, பூமியின் சாய்ந்த அச்சு அதிகம் தள்ளாடாமல் பிடித்து வைக்க உதவுகிறது. அச்சின் சாய்வு 23 பாகையைச் சற்றே கடந்தது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வசிப்பதால் இச்சாய்வு நமக்குத் தெரிவதில்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மஃரிபு நேரம் ஆண்டு முழுவதிலும் சுமார் அரை மணி நேரமே முன்பின் நகர்கிறது. லண்டனிலுள்ள நம் சகோதரர்களுக்கோ ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கு மேல் அஸ்தமனம். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே அஸ்தமனம்.

நெடுங்காலக் கணக்கு

பூமிக்கு வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள். அது பிறந்த காலத்தில் சூரியன் இன்றிருப்பதைவிட 100க்கு 30 பங்கு மங்கலாக எரிந்தது. கணக்குப்படி அன்றைய பூமி உறைந்திருக்க வேண்டும். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த சிர்க்கான் என்னும் மணிக்கற்கள், 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் திரவமாகத் தண்ணீர் இருந்ததாகச் சாட்சி சொல்கின்றன. அன்று போர்வை கனமாக இருந்திருக்கிறது. சூரியன் பிரகாசமாக ஆக ஆக, மழையும் பாறையும் சேர்ந்து போர்வையை மெலியச் செய்துகொண்டே வந்திருக்கின்றன.

இந்த ஏற்பாடு எப்போதும் சொகுசாக ஓடவில்லை. 72 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 63 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரையுள்ள காலத்தில் இரண்டு தடவை பனிக்கட்டி பூமத்திய ரேகைப் பகுதி வரை வந்துவிட்டது. முதல் தடவை அது நீங்குவதற்கு ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பனி மூடிய பாறையை மழை அரிக்காது. எரிமலையோ வாயுவைக் கக்குவதை நிறுத்தாது. இவ்வாறு சேர்ந்த வாயுவே பனியை உருக்கிற்று. பூமி தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் என்று சிலர் தைரியம் சொல்வதுண்டு. சரிப்படுத்திக்கொள்ளும்தான், அதன் அவசரம் இவ்வளவே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிராணவாயுவின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள் வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து, கழிவாக வெளியே விட்டதே அது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது காற்றில் தங்கத் தொடங்கிற்று. அதிலிருந்து உயரே உண்டான ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுத்தது. 1985இல் தென் துருவத்தின் மேல் அப்படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டபோது உலகம் திடுக்கிட்டது. 1987 செப்டம்பர் 16ஆம் தேதி மாண்ட்ரியால் நகரில் ஒப்பந்தம் ஏற்பட்டு, குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்படுத்திய கேடான வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. படலம் மெல்ல ஆறிவருகிறது. தென் துருவத்தின் மேல் பழைய நிலைக்குத் திரும்ப 2066ஆம் ஆண்டு வாக்கில் ஆகும் என்று 2022இல் விஞ்ஞானிகள் கணித்தார்கள்.

வேகத்தின் பேதம்

கல்லுக்குள்ளும் நிலக்கரிக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்ட கரியமில வாயுவை இப்போது மனிதர்களாகிய நாமும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் சிமெண்டு உற்பத்தியாலும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியாகிறது. உலகத்து எரிமலைகள் அனைத்தும் கக்குவது இதில் 100இல் ஒரு பங்குக்கும் குறைவு. சிமெண்டுத் தொழிற்சாலை என்பது பெரிய அளவிலான சுண்ணாம்புக் காளவாயே என்பதை வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். சூளையில் எரிக்கும் எரிபொருளிலிருந்து வருவதைவிடக் கல்லிலிருந்து பிரிந்து வரும் வாயுவே அதில் அதிகம்.

1958இல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு இருந்தது. 2024இல் 420ஐத் தாண்டியிருந்தது. யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் இருந்தது 280. தென் துருவப் பனியைத் துளையிட்டு, அதற்குள் அடைபட்ட பழங்காலத்துக் காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், அதற்கு முந்திய 8 லட்சம் ஆண்டுகளில் இந்த அளவு 300ஐ ஒட்டியே நின்றுவிட்டது தெரிகிறது.

மழையும் பாறையும் இதையும் கல்லாக்கிவிடாதா என்றால், ஆக்கும்; ஆனால் அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை நாம் விடும் வாயுவில் ஏறக்குறைய பாதி காற்றிலேயே தங்குகிறது. கால் பங்கை மரஞ்செடிகளும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. கால் பங்கு கடலில் கரைகிறது. கடலில் கரைவதால் நஷ்டமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கடல் நீரின் அமிலத்தன்மை தொழிற்காலத்துக்கு முன்பிருந்ததைவிட 100க்கு 30 பங்கு கூடியிருக்கிறது. வாயுவைக் கல்லாக மாற்றித் தரும் சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது இதனால் கடினமாகிறது.

உலகின் சராசரி உஷ்ணம் 2024ஆம் ஆண்டில் தொழிற்காலத்துக்கு முந்திய அளவைவிட ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உயர்ந்திருந்ததாக உலக வானிலை நிறுவனம் கணக்கிட்டது. ஒன்றரைப் பாகை என்பது கேட்பதற்குச் சிறிது. ஆனால் போர்வை நமக்குத் தந்திருந்தது மொத்தமே 33 பாகை என்பதை நினைத்தால், அதன் அளவு விளங்கும்.

சூடேறிய கடல் நீர் விரிகிறது. துருவப் பனியும் மலைப் பனியும் உருகி அதில் சேர்கின்றன. சிங்கப்பூர்த் தீவின் நிலத்தில் பத்தில் மூன்று பங்கு, கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டர்கூட உயரமில்லாதது. 2100ஆம் ஆண்டுக்குள் அங்கே கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூர் அரசாங்க ஆய்வு கூறிற்று. கடலைத் தூர்த்து எடுக்கும் நிலம் கடல் மட்டத்துக்குக் குறைந்தது 3 மீட்டர் மேலே இருந்தால் போதும் என்றிருந்த விதியை, 2011இல் 4 மீட்டர் என்று மாற்றினார்கள். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு அதுவும் போதாதென்று 5.5 மீட்டர் உயரத்தில் திட்டமிட்டிருக்கிறார்கள்.